வாங்குபவரின் சந்தை ஆதிக்கம்: நிறைகுறைப் போட்டிக் கோட்பாட்டில் விடுபட்ட பாதி

சந்தை ஆதிக்கம் என்றதும் விற்பவரைத்தான் நினைக்கிறோம். உற்பத்தியைக் குறைத்து விலையை ஏற்றும் ஆலை, பேசிவைத்துக்கொண்டு ஒரே விலை சொல்லும் வியாபாரிகள், புதியவர் உள்ளே வரவிடாமல் வழியை அடைக்கும் நிறுவனம் என்று பொருளியல் பாடநூல்களும் நீதிமன்ற வழக்குகளும் நூறாண்டுக்கு மேலாக இவர்களையே சுற்றிவந்தன. வாங்குபவருக்கும் இதே ஆதிக்கம் உண்டு. உழைப்பை வாங்கும் முதலாளியிடம் அது இன்னும் கூடுதலாகவே இருக்கக்கூடும். இந்தக் கருத்து 1933-ல் ஜோன் ராபின்சன் எழுதிய நிறைகுறைப் போட்டி பற்றிய நூலிலேயே முழு வடிவம் பெற்றுவிட்டது. அந்நூலில் விற்பவரைப் பற்றிய பகுதி உடனே கல்லூரிப் பாடத்தில் ஏறியது. வாங்குபவரைப் பற்றிய பகுதியோ ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஒரு வரைபடமாகவும், 'அரிதாக நேரக்கூடிய விதிவிலக்கு' என்ற அடைமொழியோடும் முடங்கிக் கிடந்தது.

இந்தத் தாமதம் ஏன் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. கருத்தில் ஓட்டை இருந்ததால் அது கிடப்பில் போடப்படவில்லை. 'ஊருக்கு ஒரே முதலாளி' என்ற குறுகிய படமாக அதைப் படித்ததே காரணம் என்பது என் வாதம். ஆட்கள் எத்தனை பேர் என்று எண்ணுவதிலேயே நின்றவர்களுக்கு, பல முதலாளிகள் இருந்தும் தொழிலாளி நகர முடியாத நிலை கண்ணில் படவில்லை.

கூர்னோ முதல் மார்ஷல் வரை

ஆடம் ஸ்மித்துக்கு இந்தக் குருட்டுத்தனம் இல்லை. 1776-ல் வெளிவந்த அவருடைய நூலில், கூலி பற்றிய அதிகாரம் முதலாளிகளின் கூட்டைப் பற்றித் தெளிவாகவே பேசுகிறது. தொழிலாளர் கூடினால் ஊருக்கே தெரிகிறது. கூலியை ஏற்றுவதில்லை என்று முதலாளிகள் வாய்திறக்காமலே செய்துகொள்ளும் உடன்பாடு யார் காதிலும் விழுவதில்லை என்பது அவர் கருத்து. சட்டம் முன்னவரைத் தண்டித்தது, பின்னவரைக் கண்டுகொள்ளவில்லை என்றும் அவர் சுட்டினார். ஆனால் இது கூர்ந்த கவனிப்பாக நின்றது, கோட்பாடாக வளரவில்லை.

கணித வழியில் முதல் அடி வைத்தவர் பிரான்சின் அந்துவான் ஒகுஸ்தான் கூர்னோ. 1838-ல் அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் ஊற்றுநீர். ஓர் ஊற்றுக்கு ஒருவர் உரிமையாளர் என்றால், மொத்த வருவாய் உச்சத்தைத் தொடும் அளவுக்குத்தான் நீரை விற்பார். பக்கத்திலேயே அதே தரத்தில் இன்னோர் ஊற்றும் அதற்கு வேறோர் உரிமையாளரும் வந்தால்? மற்றவர் விற்கும் அளவு மாறாது என்று ஒவ்வொருவரும் எண்ணித் தம் அளவைத் தீர்மானிக்கும்போது, மொத்த விற்பனை கூடி விலை இறங்குகிறது. உரிமையாளர் எண்ணிக்கை பெருகப் பெருக, விலை இறுதிநிலைச் செலவை நெருங்குகிறது. முற்றுரிமையில் தொடங்கிப் போட்டியில் முடியும் இந்த வரிசை கவனத்துக்குரியது. பின்வந்தவர்கள் போட்டியை இயல்பு என்றும் முற்றுரிமையை விலகல் என்றும் வைத்துக்கொண்டார்கள். கூர்னோவிடம் போட்டி என்பது வழியின் கடைக்கோடி.

நூலைச் சீந்துவார் இல்லை. 1863-ல் கணிதத்தை நீக்கி மறுபடியும் எழுதிப் பார்த்தார்; அதுவும் எடுபடவில்லை. அவர் 1877-ல் மறைந்து ஆறாண்டு கழித்து, ஜோசப் பெர்த்ராந் என்ற கணித அறிஞர் அதை விமர்சித்தார். விற்பவர்கள் அளவைக் கொண்டு போட்டியிடுவதில்லை, விலையைக் கொண்டே போட்டியிடுகிறார்கள் என்பது அவர் மறுப்பு. அப்படியானால் இருவர் இருந்தாலே விலை செலவு மட்டத்துக்குச் சரிந்துவிடும். 1897-ல் பொருளியலாளர் எட்ஜ்வொர்த் உற்பத்தித் திறனுக்கு எல்லை உண்டு என்பதைச் சேர்த்து, இருவர் முற்றுரிமையில் விலை ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கக்கூடும் என்று காட்டினார். இம்மூவரின் வாதங்களும் முழுக்க விற்பவரைப் பற்றியவை. பின்னாளில் ஆட்டக் கோட்பாடு இவற்றைத்தான் மீட்டெடுத்தது.

1890-ல் வெளியான ஆல்ஃபிரட் மார்ஷலின் பாடநூல் இங்கிலாந்தில் ஒரு தலைமுறையையே ஆண்டது. உழைப்பு சேமித்து வைக்க முடியாத சரக்கு, இன்று விற்கப்படாத நாளின் உழைப்பு போனது போனதுதான், ஆகவே பேரம் பேசுவதில் தொழிலாளியின் கை தாழ்ந்திருக்கிறது என்று அவரும் எழுதினார். ஆனால் அவருடைய அமைப்பின் நடுவே இருந்த சிக்கல் வேறு. ஒரு நிறுவனம் பெரிதாகப் பெரிதாகச் செலவு குறைகிறது என்றால், அது எல்லாரையும் விழுங்கி முற்றுரிமை ஆகிவிட வேண்டும். செலவு குறைவதும் போட்டி நிலைப்பதும் ஒரே கூரையின் கீழ் எப்படிக் குடியிருக்கும்?

கேம்பிரிட்ஜ், 1926–1933

அந்தக் கேள்வியைத் தயங்காமல் கேட்டவர் பியரோ ஸ்ராஃபா. தூரின் நகரில் பிறந்த இத்தாலியர்; மார்க்சியச் சிந்தனையாளர் அந்தோனியோ கிராம்சியின் நண்பர்; சிறையிலிருந்த கிராம்சிக்குத் தம் செலவில் புத்தகங்கள் கிடைக்க வழிசெய்தவர். 1925-ல் இத்தாலிய மொழியில் ஒரு கட்டுரையும், அதையொட்டி 1926 டிசம்பரில் 'எகனாமிக் ஜர்னல்' இதழில் இன்னொன்றும் எழுதினார். இரண்டாவது கட்டுரையில் ஒரு சாதாரண உண்மையைச் சொன்னார்: எந்த ஆலை முதலாளியையும் கேளுங்கள், 'இன்னும் அதிகம் உற்பத்தி செய்தால் செலவு கூடிவிடும், அதனால் நிறுத்திக்கொண்டேன்' என்று சொல்ல மாட்டார். இன்னும் அதிகம் விற்க வேண்டுமானால் விலையைக் குறைக்க வேண்டும், அல்லது விற்பனைக்குக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டும், அதுதான் தடை. அப்படியானால் ஒவ்வொரு விற்பவருக்கும் தனக்கென்று ஒரு சிறு சந்தை இருக்கிறது. பழக்கம், நம்பிக்கை, அருகாமை, பெயர் ஆகியவற்றால் கட்டுண்ட வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். ஆய்வு போட்டியிலிருந்து அல்ல, முற்றுரிமைப் பக்கமிருந்து தொடங்கட்டும் என்றார். பொருளியலாளர் கெயின்சின் அழைப்பில் 1927-ல் கேம்பிரிட்ஜ் வந்து சேர்ந்தார்.

ஸ்ராஃபாவின் வாதத்துக்குக் கண்முன்னே ஆதாரமும் இருந்தது. முதல் உலகப் போருக்குப் பின் லங்காஷயர் பஞ்சாலைகளும் பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களும் நெடுநாள் மந்தத்தில் கிடந்தன. நிறைவுப் போட்டிக் கோட்பாட்டின்படி, திறமையான ஆலைகள் முழுநேரம் ஓட வேண்டும். மற்றவை மூட வேண்டும். நடந்ததோ வேறு: எல்லா ஆலைகளும் வாரத்தில் சில நாள் ஓடின, சில நாள் நின்றன. கேம்பிரிட்ஜின் ரிச்சர்ட் கான் 1929-ல் முடித்த ஆய்வேடு இந்தப் புதிரைத்தான் கையிலெடுத்தது. முழு வேகத்தில் ஓட்டினால் சரக்கைத் தள்ளிவிட விலையை வெட்ட வேண்டும். அதைவிடப் பாதி நேரம் ஓட்டுவது லாபம். அந்த ஆய்வேடு ஆங்கிலத்தில் அச்சேற 1989 ஆயிற்று.

ஜோன் ராபின்சன் ஸ்ராஃபா, கான் ஆகியோரின் இந்தக் கேம்பிரிட்ஜ் குழுவில் சேர்ந்தது இந்தியாவிலிருந்து திரும்பிய பிறகு. திருமணம் முடிந்து 1926-ல் கணவர் ஆஸ்டினுடன் குவாலியருக்கு வந்தார். சிறுவயது மகாராஜாவுக்குப் பாடம் சொல்லும் பொறுப்பு ஆஸ்டினுடையது. கேம்பிரிட்ஜ் திரும்பிய ஜோன், கானின் இடைவிடாத உதவியோடு எழுதிய நூல் 1933-ல் வெளிவந்தது. அதே ஆண்டில் அட்லாண்டிக்கின் மறுகரையில் ஹார்வர்டைச் சேர்ந்த எட்வர்ட் சேம்பர்லினின் முற்றுரிமைப் போட்டி நூலும் வெளிவந்தது. சேம்பர்லினின் அக்கறை வேறு: பண்ட வேறுபாடு, விளம்பரம், வணிகப் பெயர், சிலர் மட்டுமே விற்கும் சந்தையில் ஒருவரையொருவர் கவனித்து நடப்பது. தம் கோட்பாடும் ராபின்சனுடையதும் ஒன்றல்ல என்று நிரூபிப்பதிலேயே அவர் பிற்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தார். அந்தப் பிடிவாதம் முற்றிலும் வீண் அல்ல. ஆனால் மாணவர்கள் இருவரையும் ஒரே மூச்சில் படிப்பதை அதனால் தடுக்க முடியவில்லை.

ராபின்சன் நூலில் சேம்பர்லினிடம் இல்லாத ஒன்று உண்டு. விற்பவருக்குச் சொன்ன தர்க்கத்தை அப்படியே திருப்பி வாங்குபவர்மேல் போட்டார். அதற்கு ஒரு கிரேக்கப் பெயர் வேண்டியிருந்தபோது, செவ்வியல் மொழி அறிஞர் பெர்ட்ராண்ட் ஹால்வர்டு உருவாக்கித் தந்தார். நம் நூல்கள் அதை வாங்குவோர் முற்றுரிமை என்கின்றன.

அதன் உள்வேலையை ஒரு கணக்கில் பார்க்கலாம். ஒரு பட்டறையில் பத்துப் பேர் தலா 500 ரூபாய் நாட்கூலிக்கு வேலை செய்கிறார்கள். பதினோராவது ஆள் 520 கொடுத்தால்தான் வருவார். ஒருவருக்கு மட்டும் கூட்டிக் கொடுக்க முடியாது; பழைய பத்துப் பேருக்கும் இருபது ரூபாய் ஏற்றியாக வேண்டும். ஆக, பதினோராவது ஆளால் முதலாளிக்கு ஏறும் செலவு 520 அல்ல, 720. அந்த ஆள் நாளொன்றுக்கு 600 ரூபாய்க்கு உற்பத்தி செய்தாலும் முதலாளி அவரைச் சேர்க்க மாட்டார். கூலி குறைவாகவும் வேலை குறைவாகவும் சந்தை நின்றுவிடுகிறது. இப்போது அரசு குறைந்தபட்சக் கூலி 520 என்று சட்டம் போடுகிறது. பத்துப் பேருக்கும் எப்படியும் 520 கொடுத்தாக வேண்டும் என்றான பிறகு, பதினோராவது ஆளால் ஏறும் செலவு வெறும் 520. அவர் தரும் 600-க்கு அது லாபமே. கூலியும் ஏறுகிறது, வேலையும் ஏறுகிறது.

குறைந்தபட்சக் கூலி எப்போதும் வேலையைப் பறிக்கும் என்ற வாய்பாடு இங்கே உடைகிறது. தொழிலாளியின் இறுதிநிலை உற்பத்தியின் மதிப்புக்குக் கீழே கூலி போனால் அது சுரண்டல் என்று பொருளியலாளர் பிகூ தந்த வரையறையை ராபின்சன் எடுத்துக்கொண்டார். அந்தச் சுரண்டலுக்கு முதலாளியின் கெட்ட மனம் தேவையில்லை, அளிப்புக் கோட்டின் சாய்வே போதும் என்று காட்டினார். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கு வேறு வேறு கூலி ஏன் என்பதற்கும் இதே வழியில் விடை தந்தார். யாரால் எளிதில் வேறிடம் போக முடியவில்லையோ, அவருக்குக் கூலி குறைகிறது.

மறு ஆண்டே, 1934-ல், ஆபா லெர்னர் விற்பவரின் ஆதிக்கத்துக்கு ஓர் அளவுகோல் கொடுத்தார்: விலைக்கும் இறுதிநிலைச் செலவுக்கும் உள்ள இடைவெளியை விலையால் வகுப்பது. செலவு 60, விலை 100 என்றால் குறியீடு 0.4. கையாள எளிது. விற்பவர் பக்கம் ஆய்வு குவிந்ததற்கு இந்த எளிமையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். வாங்குபவரின் ஆதிக்கத்தை அளக்க, ஒரு தொழிலாளி எவ்வளவு உற்பத்தி செய்கிறார், கூலி குறைந்தால் எத்தனை பேர் விலகுவார்கள் என்ற விவரங்கள் வேண்டும். அவை அன்று யாரிடமும் இல்லை.

கிடப்பில் போன அறுபது ஆண்டுகள்

நூலாசிரியரே முதலில் விலகினார். கெயின்சின் வேலைவாய்ப்புக் கோட்பாடு ராபின்சனை இழுத்துக்கொண்டது. 1953-ல் தம் பழைய நூலைத் தாமே திறனாய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். 1969 மறுபதிப்பின் முன்னுரையில், நிறுவனம் தன் தேவைக் கோட்டை அறிந்து சமநிலையில் போய் நிற்கும் என்ற அடிப்படையையே கடுமையாகச் சாடினார். அவர் எதிர்த்தது காலத்தை மறந்த சமநிலை ஆய்வை. ஆனால் படித்தவர்கள் நூல் முழுவதையுமே தள்ளிவைக்க அதைச் சாக்காக்கிக்கொண்டார்கள்.

சிகாகோ மரபைச் சேர்ந்த பொருளியலாளர்களிடமிருந்து வந்த எதிர்ப்பு இன்னும் வலுவானது. ஜார்ஜ் ஸ்டிக்லர் 1946-ல் குறைந்தபட்சக் கூலி பற்றி எழுதியபோது, கூலியை முதலாளி தீர்மானிக்கும் இடத்தில் சட்டக் கூலி வேலையைக் கூட்டலாம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் சரியான கூலி ஆலைக்கு ஆலை, காலத்துக்குக் காலம் மாறும். நாடு முழுதுக்கும் ஒரே கூலி அதைச் சாதிக்காது என்று முடித்துவிட்டார். மில்டன் ஃப்ரீட்மன் 1953-ல் சேம்பர்லினின் வழியைப் பயனற்றது என்றார். அமெரிக்கத் தொழில்துறையில் முற்றுரிமையால் ஏற்படும் இழப்பு தேசிய வருமானத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும் என்று ஆர்னால்டு ஹார்பர்கர் 1954-ல் கணக்குக் காட்டினார். 1962-ல் ராபர்ட் பண்டிங் அமெரிக்காவின் உள்ளூர்த் தொழிலாளர் சந்தைகளை ஆராய்ந்து, பெரும்பாலான இடங்களில் வேலை ஓரிரு முதலாளிகள் கையில் குவிந்திருக்கவில்லை என்று கண்டார். அத்தோடு கதை முடிந்தது என்று பலர் எண்ணினார்கள். சுரங்க ஊர், ஒரே மருத்துவமனை உள்ள ஊரின் செவிலியர் என்று இரண்டு உதாரணங்களோடு பாடநூல்கள் நின்றன.

விற்பவர் பக்கக் கோட்பாடோ வேறு வழிகளில் தழைத்தது. ஜோ பெய்ன் 1956-ல் நுழைவுத் தடைகளை வகைப்படுத்தினார். சேம்பர்லினின் பண்ட வேறுபாட்டை 1977-ல் அவினாஷ் தீட்சித்தும் ஜோசப் ஸ்டிக்லிட்சும் கையாளத்தக்க சமன்பாடாக்கினார்கள். பால் குரூக்மனின் பன்னாட்டு வணிகக் கோட்பாடு அதன்மேல் எழுந்தது. ழான் தீரோலுக்கு 2014-ல் நோபல் கிடைத்ததும் சந்தை ஆதிக்கமும் ஒழுங்குமுறையும் பற்றிய ஆய்வுக்காகவே.

இலங்கைத் தோட்டங்களின் 'துண்டு'

முதலாளிகளின் எண்ணிக்கை மட்டுமே கணக்கு என்றால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கை மலையகம் போட்டிச் சந்தையாக இருந்திருக்க வேண்டும். தேயிலைத் தோட்டங்கள் ஏராளம். ஆள் பற்றாக்குறை என்ற புலம்பல் ஓயவில்லை. தோட்டத்துரைகள் ஒருவரையொருவர் 'ஆள் இழுக்கிறார்கள்' என்று குற்றம் சாட்டினார்கள். ஆனாலும் தமிழ்நாட்டிலிருந்து போன தொழிலாளியின் நாட்கூலி பல பத்தாண்டுகளாகப் பெரிதாக நகரவில்லை.

விளக்கம் 'துண்டு' என்ற காகிதத்தில் இருக்கிறது. கப்பல் செலவு, வழிச்செலவு, முன்பணம் என்று தொழிலாளியின் தலையில் கங்காணி (ஆள் திரட்டி வேலை வாங்கும் இடைத்தரகர்) எழுதிய கடன் தீராமல் அவர் தோட்டம் மாற முடியாது. இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறோம் என்று பழைய தோட்டம் எழுதிக் கொடுப்பதே துண்டு. அதை எடுத்துக்கொண்டு கங்காணி புதிய தோட்டத்துக்குப் போவார். புதிய துரை கடனைக் கட்டி, மேலும் முன்பணமும் தருவார். துரைகளுக்கிடையே போட்டி இருந்தது, சந்தேகமில்லை. அது கங்காணி கைக்குப் போகும் முன்பணத்தை ஏற்றியது. தொழிலாளியின் கூலியை ஏற்றவில்லை. ஏறிய முன்பணமும் கடைசியில் தொழிலாளியின் கடன் கணக்கிலேயே ஏறியது. முன்னறிவிப்பின்றி வேலையை விட்டுப் போவதைக் குற்றமாக்கிய சட்டம் இதற்கு வேலி.

துண்டு முறை 1921-ல் ஒழிக்கப்பட்டது. 1927-ல் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இலங்கையில் வந்தது. அதன்படி ஆண், பெண், சிறுவர் என மூவருக்கும் தனித்தனிக் கூலி விதிக்கப்பட்டது. இதே ஆண்டுகளில்தான் ராபின்சன் குவாலியரில் இருந்தார். தற்செயல்தான், ஆனால் அவர் பிறகு வரைபடத்தில் காட்டிய ஆண்–பெண் கூலி வேறுபாட்டுக்கும் நகர முடியாத தொழிலாளிக்கும் மலையகத்தைவிடப் பொருத்தமான களம் வேறில்லை. பண்டிங் போன்றோர் முதலாளிகளை எண்ணியது இங்கே தோட்டங்களை எண்ணுவதை ஒத்ததுதான். துண்டு போன்ற பிணைப்பை அவர்கள் பார்க்கவில்லை.

கூலி ஆய்வின் வழியே திரும்பி வந்தது

1992 ஏப்ரல் 1 அன்று அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்து பென்சில்வேனியா உயர்த்தவில்லை. டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் இரு மாநிலங்களிலும் 410 துரித உணவகங்களில், உயர்வுக்கு முன்னும் பின்னும் விவரம் திரட்டினார்கள். 1994-ல் வெளியான முடிவு: நியூ ஜெர்சியில் வேலை குறையவில்லை. பெரும் சண்டை கிளம்பியது. டேவிட் நியூமார்க்கும் வில்லியம் வாஷரும் சம்பளப் பதிவேடுகளை வைத்து எதிர்முடிவு சொன்னார்கள். கார்டும் குரூகரும் மறுபடியும் பதில் சொன்னார்கள். ஒன்றை மறைக்கக் கூடாது: எளிய வாங்குவோர் முற்றுரிமைப்படி வேலையும் உற்பத்தியும் ஏறினால் பண்டத்தின் விலை இறங்க வேண்டும். நியூ ஜெர்சி உணவகங்களில் விலை ஏறியது. ஆகவே அந்த ஆய்வு ராபின்சனுக்கு முழுச் சான்றிதழ் தரவில்லை. ஆனால் வேலை கட்டாயம் குறையும் என்ற உறுதியை ஆட்டிவைத்தது. கார்டுக்கு 2021-ல் நோபல் பங்கு கிடைத்தது. குரூகர் அதைப் பார்க்க இல்லை, 2019-லேயே மறைந்துவிட்டார்.

கோட்பாட்டு அடித்தளத்தைப் புதுப்பித்தவர் ஆலன் மேனிங். 2003-ல் வந்த அவர் நூலின் கேள்வி எளியது: முதலாளி நாளைக்கே கூலியில் ஒரு காசைக் குறைத்தால் எல்லாரும் வேலையை விட்டுப் போய்விடுவார்களா? போக மாட்டார்கள் என்றால் ஏதோ ஓரளவு ஆதிக்கம் அவரிடம் இருக்கிறது. வேறு வேலை தேட நாள் பிடிக்கும், வீடு மாற்ற வேண்டும், பிள்ளைகளின் பள்ளி இருக்கிறது, எங்கே ஆள் கேட்கிறார்கள் என்று தெரியாது. ஊரில் ஆயிரம் முதலாளிகள் இருந்தாலும் இந்தத் தடைகள் இருக்கவே செய்யும். 1926-ல் ஸ்ராஃபா வாடிக்கையாளரைப் பற்றிச் சொன்னதன் நேர் மறுபக்கம் இது. கேம்பிரிட்ஜில் அன்றே எட்டியிருக்கக்கூடிய இந்த முடிவுக்கு வர முக்கால் நூற்றாண்டு ஆயிற்று.

ஸ்மித் சொன்ன வாய்திறவா உடன்பாடும் வெளிப்பட்டது. ஆப்பிள், கூகுள், இன்டெல், அடோபி உள்ளிட்ட நிறுவனங்கள் ஒன்றன் ஊழியரை மற்றொன்று அழைப்பதில்லை என்று பேசிவைத்திருந்ததை அமெரிக்க நீதித்துறை 2010-ல் தடுத்தது. பாதிக்கப்பட்ட பொறியாளர்கள் தொடுத்த வழக்கு 2015-ல் 41.5 கோடி டாலருக்குத் தீர்ந்தது. 'ஆள் இழுக்காதே' என்ற தோட்டத்துரைகளின் முறையீட்டுக்கும் இதற்கும் அதிகத் தொலைவில்லை. 2023 டிசம்பரில் வெளியான அமெரிக்க நிறுவன இணைப்பு வழிகாட்டு நெறிகள், இணைப்பால் தொழிலாளருக்கான போட்டி குறைகிறதா என்றும் பார்க்க வேண்டும் என்றன.

இந்தியச் சட்டத்தில் இதற்கு இடம் ஏற்கெனவே உண்டு. 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டத்தின் நான்காம் பிரிவு, ஆதிக்க நிலையில் இருப்பவர் நியாயமற்ற விலையில் விற்பதைப் போலவே நியாயமற்ற விலையில் வாங்குவதையும் தடைசெய்கிறது. பயன்படுத்துவதற்கான களங்களும் உண்டு. வெட்டிய கரும்பு காத்திருக்காது. நேரம் போகப் போக எடையும் சர்க்கரைச் சத்தும் இறங்கும். 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி ஒரு பகுதிக் கரும்பை ஒரு குறிப்பிட்ட ஆலைக்கே ஒதுக்கலாம். வெட்டு உத்தரவுக்காகக் காத்திருக்கும் விவசாயிக்கு வாங்குபவர் ஒருவர்தான். அதனால்தான் மத்திய அரசு விலை நிர்ணயிக்கிறது, 14 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்றும் சொல்கிறது. நிலுவை பற்றிய போராட்டங்கள், சட்டம் எவ்வளவு தூரம் போகிறது என்பதைக் காட்டுகின்றன.

பஞ்சாலை, பின்னலாடை, தோட்டம், தனியார் பள்ளி, மருத்துவமனை என்று கூலி ஆய்வு செய்யும் தமிழ் ஆய்வாளர்கள், அங்கே எத்தனை முதலாளிகள் என்று எண்ணுவதோடு நிறுத்த வேண்டாம். கூலி ஒரு பங்கு குறைந்தால் எத்தனை பேர் வேலையை விடுகிறார்கள், விடாதவர்களை எது பிடித்துவைக்கிறது என்பதைக் களத்தில் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும். முன்பணம், விடுதி, சான்றிதழைப் பிடித்துவைத்தல் ஆகிய மூன்றிலிருந்தும் தொடங்கலாம்.